சனிக்கிழமைச் சம்பளமும் மஞ்சள் மூட்டையும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம். உழவர் குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவது விளைநிலமா, வெளிவேலையா என்னும் இந்த வழக்கில், வெளிவேலையே என்று வாதாட வந்திருக்கிறேன். விளைபொருளுக்கு நியாயமான விலை கிடைத்துவிட்டால் எந்த உழவர் வீட்டாரும் பனியன் கம்பெனி வண்டியில் ஏற மாட்டார்கள் என்றார் எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர். விலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த விலை வரும்வரை காத்திருக்கும் தெம்பு எங்கிருந்து வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

எங்கள் ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது பத்து மாதம் மண்ணில் கிடந்ததை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்து மூட்டை கட்டிவிட்டால், கிடங்கில் ஆண்டுக்கணக்கில் இருப்பு வைக்கலாம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய இதே மஞ்சள், 2012இல் 4,000 ரூபாயை ஒட்டி இறங்கியது. இப்படி ஏறி இறங்கும் சந்தையில், உரக்கடைப் பாக்கியும் நகைக்கடன் வட்டியும் நெருக்குகிறவர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறார். வீட்டில் ஒருவர் சம்பளம் கொண்டுவந்தால், மூட்டையைக் கிடங்கில் போட்டுவிட்டு ஏலத்தைக் கவனித்துக்கொண்டிருக்க முடிகிறது. விலை இன்னும் ஏறும் என்று காத்திருந்து நட்டப்பட்டவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அந்த நட்டத்திலும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் தவறாமல் கட்ட முடிந்த வீடு எது என்பதே என் கேள்வி.

இது ஈரோட்டுக் கதை மட்டுமன்று. ஒன்றிய அரசின் மாதிரி ஆய்வு, 2018-19இல் இந்திய வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்கிறது. அதில் பயிரால் வந்தது 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். அடுத்தவர் வயலில் செய்த வேலைக்கான கூலியும் இதில் அடக்கம் என்பதை எதிரணியினர் எழுந்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 2012-13இல் வருமானத்தில் ஏறக்குறைய பாதியாக இருந்த பயிரின் பங்கு, ஆறே ஆண்டுகளில் நூற்றுக்கு 37 ஆகக் குறைந்துவிட்டது. நிலத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நிமிர முடியும் என்று இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

எங்கள் தோட்டம் மூன்று ஏக்கர். என் தாயார் விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, ஏழரை மணிக்குத் தூக்குப்போசியுடன் கம்பெனி வண்டிக்கு நிற்பார். தைத்து வரும் பனியனில் பழுது இருக்கிறதா என்று செக்கிங் மேசையருகே நாள் முழுவதும் நின்றே பார்க்கும் வேலை. இரவில் கால் வீங்கியிருக்கும். அந்த உழைப்புக்கு இன்னும் கூடுதல் கூலியும் வருங்கால வைப்பு நிதியும் வேண்டும் என்று கேட்பவர்களில் நானும் ஒருத்தி. வெளிவேலையை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவள் என்பதால்தான் அதன் பக்கம் நின்று பேசுகிறேன்.

ஓர் ஆவணி மாதம், மஞ்சள் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த நேரத்தில், போர்வெல் மோட்டாரின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், எரிந்துபோனது. அதற்கு முன்பெல்லாம் இப்படி நேர்ந்தால், என் தந்தையார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று வட்டிக்குக் கொடுப்பவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார். பணம் கைக்கு வருவதற்குள் செடி வாடிவிடும். அந்த முறை சனிக்கிழமைச் சம்பளம் வீட்டில் இருந்தது. மறுநாளே மோட்டாரை மேலே தூக்கி, நேரே காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் பாத்தியில் தண்ணீர் பாய்ந்தது. அந்த ஆண்டு விளைந்த மஞ்சளை விளைநிலத்தின் பெயரில் வரவு வைப்பதா, செக்கிங் மேசையின் பெயரில் வரவு வைப்பதா என்பதை நடுவர் அவர்களே சொல்லட்டும்.