இரண்டடித் தொட்டிக்கு எத்தனை மீன்?

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்துவிட்டால் சென்னை கொளத்தூரில் மீன் கடைகளில் கூட்டம் தொடங்கிவிடும். கடைக்காரர் விலை சொல்வதே ஜோடிக் கணக்கில்தான். அதனால் வாங்குவதும் ஜோடி ஜோடியாகவே போகும். கப்பியில் ஒரு ஜோடி, மாலியில் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, பையன் கேட்டான் என்று ஷார்க் ஒரு ஜோடி, கோல்டு ஃபிஷ் இல்லாமல் எப்படி என்று அதில் ஒரு ஜோடி, பாசி தின்னும் என்று கடைசியாக ஒரு சக்கர். பதினோரு மீனும் புத்தம்புதிய இரண்டடித் தொட்டியில் அன்று மாலையே இறங்கிவிடும். அடுத்த வாரம் ஒவ்வொன்றாக மிதக்கும்போது, “கடைக்காரன் சீக்கு மீனைக் கொடுத்துவிட்டான்” என்போம்.

கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. முதலில் அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் 2 கன அடி. லிட்டரில் 56 சொச்சம். அடியில் போடும் கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் தேறும். ஏறக்குறைய மூன்று குடம் தண்ணீர். அந்த மூன்று குடத்துக்குள்தான் மீன் தின்ன வேண்டும், மூச்சு விட வேண்டும், கழிக்கவும் வேண்டும்.

மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. அது மீனுக்கே விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். முதல் நாளே பதினோரு மீனைப் போட்டால் கழிவைக் கையாள அங்கே யாருமே இல்லை. பயந்துபோய் தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பஞ்சையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால், அரும்பியிருந்த கொஞ்சமும் போய்விடும். வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிடலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அம்மோனியாவின் விஷம் கூடுகிறது. மே மாதத்து போர் தண்ணீரில் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கும். போதாததற்கு, 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரையாகக் குறைந்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதி வைத்த கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரவில் கரண்ட் போய் காற்று விடும் மோட்டார் நின்றால், நெரிசலான தொட்டியில் விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

“கடைத் தொட்டியில் நூறு மீன் இருக்கிறதே?” என்று கேட்கலாம். ஆம்னி பஸ்ஸில் நாற்பது பேர் ஓர் இரவு தூங்கலாம், குடித்தனம் நடத்த முடியுமா? கடை மீன் சில நாளில் விற்றுப்போகும். அங்கே தண்ணீரும் அடிக்கடி மாறும்.

ஒரு கேலன் (ஏறக்குறைய நான்கு லிட்டர்) தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. சின்ன மீன்களுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் பத்து அங்குல ஆஸ்கரும், ஓர் அங்குல நியான் டெட்ரா பத்தும் சமமா? நீளம் பத்து மடங்கானால் எடை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கழிவும் அதற்கேற்பத்தான் கூடும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எவ்வளவு பெரிசா வளரும்?” என்பதுதான். விரல் நீளத்தில் பளபளவென்று சுற்றிவரும் அந்த ஷார்க், சுறாவே அல்ல. ஆந்திரக் குளங்களில் சாப்பாட்டுக்காக வளர்க்கும் கெளுத்தி இனம், ஹோட்டலில் பாசா என்று தட்டுக்கு வருவதும் இதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. சக்கர் ஓர் அடியைத் தாண்டும், தின்பதைவிட அதிகம் கழித்து வைத்ததுபோல் கறுப்பு நூலாகத் தொங்கவிடும். வளர்ந்துவிட்டதென்று ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால் இன்று அது நம் நீர்நிலைகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

கோல்டு ஃபிஷ்ஷும் அரை அடிக்கு மேல் வளரும், குளிர்ந்த நீரை விரும்பும். எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு, மொத்தம் ஒன்பது வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று ஒரு வாஸ்துக் கணக்கு ஓடுகிறது. இரண்டடித் தொட்டியில் அந்த ஒன்பதும் தாங்காது. எண்ணிக்கையை விட மனமில்லையா? கப்பி, மாலி போலவே பிளாட்டி என்றொரு சின்ன மீன் உண்டு, அதில் சிவப்பு எட்டு, கறுப்பு ஒன்று வாங்குங்கள். ஒன்பது ஆயிற்று, தொட்டிக்கும் சுமை இல்லை.

ஆனால் ஒன்பதும் ஆணாக இருக்கட்டும். கண்ணாடியை ஒட்டி நின்று வயிற்றுக்கு அடியில், பின்பக்கத் துடுப்பைப் பாருங்கள். மெலிந்து கூராகப் பின்னோக்கிப் படிந்திருந்தால் ஆண், அகலமாக விரிந்திருந்தால் பெண். கப்பி, மாலி எல்லாவற்றுக்கும் இதே அடையாளம்தான். கடையில் ஏற்கெனவே சினையான பெண் ஒன்று வந்தாலும் போதும், ஆண் துணையே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

ஜோடிக் கணக்கு இன்னொரு வகையிலும் ஏமாற்றும். டைகர் பார்ப் கூட்டமாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும். இரண்டு மட்டும் விட்டால் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கொத்திக் கந்தலாக்கிவிடும். அந்த ஏஞ்சலோ வளர்ந்ததும் நியான் டெட்ராவை விழுங்கும். நியானுக்கு அமேசான் பக்கத்து உப்பு குறைந்த மென்மையான தண்ணீர்தான் ஒத்துவரும், உப்பு படியும் போர் தண்ணீரில் அதை வாட்டுவானேன்? அந்த போர் தண்ணீரே கப்பிக்கும் மாலிக்கும் பிளாட்டிக்கும் பிடித்தமானது. ஃபைட்டரைத் தனியே வையுங்கள். காற்றை நேராகச் சுவாசிக்க முடிவதால்தான் கடையில் அது பாட்டிலில் உயிரோடு இருக்கிறது. வீட்டில் அதற்குப் பத்து, பதினைந்து லிட்டராவது கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இரண்டடித் தொட்டியில் முதலில் ஆண் கப்பி நான்கு மட்டும் விடுவேன். ஒரு மாதம் தாண்டி, தண்ணீர் தெளிவாக நின்றால் இன்னும் நான்கு. அதற்கும் இரண்டு வாரம் கழித்து ஆறு ஜீப்ரா டேனியோ. அத்தோடு சரி. பார்க்கக் காலியாகத் தெரிந்தால் வாலிஸ்னேரியா போன்ற செடி நான்கு கொத்து நடலாம், மீன் வேண்டாம்.

வாங்கி வந்த பையைக் கட்டோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, மீனை மட்டும் வலையில் அள்ளி விடுங்கள். கடைத் தண்ணீர் சிங்க்கில் போகட்டும். அன்று இரவு விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள், நாளைக்குப் போடலாம் என்று சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.