பார்வையற்ற மூலிகைக்காரியின் கடை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"மாய உலக ஆர்.பி.ஜி. கேம்களுக்குப் பக்குவம் தருவது இருளும் இரத்தமுமா, செயலும் விளைவுமா?" என்பது இன்றைய தலைப்பு. ஆர்.பி.ஜி. என்றால் என்னவென்று கேட்கும் பெரியவர்களுக்காக ஒரு வரி: ஒரு கற்பனை உலகத்துக்குள் நாம் ஒரு பாத்திரமாகப் புகுந்து, நாற்பது ஐம்பது மணி நேரம் அதில் நடமாடி, முடிவுகளை நாமே எடுத்து ஆடுகிற வீடியோ கேம் அது. செயலும் விளைவுமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு வாதத்தை அழுத்தமாக வைத்தார். வாளால் வெட்டினால் இரத்தம் வரும். அதை மறைத்தால் அது குழந்தைக் கதை, மறைக்காமல் காட்டினால் அது பெரியவர்கள் கதை என்றார். அட்டைப்பெட்டியில் 17 வயதுக்கு மேல் என்று 'எம்' முத்திரை குத்தியிருப்பதே அதற்குச் சாட்சி என்றார். அந்த முத்திரையிலிருந்தே தொடங்குகிறேன்.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை குறித்து விசாரணை நடந்தது. அரசு தலையிட்டுவிடுமோ என்ற அச்சத்தில், அடுத்த ஆண்டே கேம் நிறுவனங்கள் தமக்குள் கூடி ஒரு தரமதிப்பீட்டு வாரியத்தை ஏற்படுத்திக்கொண்டன. 'மெச்சூர்' என்ற சொல்லின் முதலெழுத்தே அந்த எம். இந்தப் பெட்டிக்குள் எவ்வளவு இரத்தம் இருக்கிறது, எப்படிப்பட்ட பேச்சு இருக்கிறது என்று கடையில் நிற்கும் பெற்றோருக்கு அது சொல்லும். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள். அந்த முத்திரைக்கு நன்றியுடையவள். ஆனால் வாங்குபவரின் வயதைச் சொல்ல வந்த முத்திரை அது. கதையின் பக்குவத்தை அளக்க அதை யாரும் உண்டாக்கவில்லை. வயது வருவதும் பக்குவம் வருவதும் ஒன்றா, நடுவர் அவர்களே? பத்து வயதில் தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்த பிள்ளைகளையும், தலை நரைத்த பிறகும் தன் தவற்றை ஒப்புக்கொள்ளத் தெரியாதவர்களையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அந்த முத்திரை பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1985-இல், 'அல்டிமா 4' வந்தது. உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட்டுக்கு அப்போது 24 வயது. அவருடைய முந்தைய கேம்களைக் கண்டு கொதித்த சில பெற்றோர் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அவற்றைப் படித்தவர் யோசித்தார். அந்த நாள் கேம்களில் நாயகன் கண்ணில் பட்டதையெல்லாம் சுருட்டுவான், ஊர்க்காரரையும் வெட்டுவான். கடைசியில் ஓர் அரக்கனைக் கொன்றுவிட்டால் நல்லவன் ஆகிவிடுவான். கேரியட் அந்த அரக்கனையே எடுத்துவிட்டார். கொன்று முடிக்கத் தலைமை எதிரி என்று ஒருவரும் இல்லாத கேம் அது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளில் தேற வேண்டும். தேறியவருக்கு அங்கே 'அவதார்' என்று பெயர். அவதாரம் என்று நமக்குப் பழகிய சொல்தான் அது.

அந்த உலகத்தில் ஒரு மூலிகைக் கடை இருக்கிறது. மந்திரம் போடச் சரக்கு வேண்டும்: பூண்டு, ஜின்செங், சிலந்தி நூல், கந்தகச் சாம்பல். கடைக்காரப் பெண்ணுக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வார், காசை நீங்களே எண்ணிப் போட வேண்டும். எத்தனை காசு போடுகிறீர்கள் என்ற எண்ணை விசைப்பலகையில் நீங்கள்தான் தட்ட வேண்டும். நாற்பது காசுச் சரக்குக்கு ஒரு காசு போட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. இசை மாறாது. "நீ தவறு செய்கிறாய்" என்று திரையில் எச்சரிக்கை எதுவும் மின்னாது. பையில் பணம் மிச்சம், கையில் சரக்கு. கேம் உள்ளுக்குள் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பல மணி நேரம் கழித்து, அரசன் கோட்டையில் இருக்கும் ஞானியிடம் போய் "நேர்மையில் நான் எப்படி இருக்கிறேன்?" என்று கேட்கும்போதுதான், நீங்கள் மறந்துபோன அந்தக் கடை திரும்பி வந்து உங்கள் முன்னால் நிற்கும்.

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். இதில் ஒரு சொட்டு இரத்தம் இருக்கிறதா? திரையில் தெரிவது நான்கைந்து நிறங்களில் சில கட்டங்கள். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் நீ யார் என்று அந்தக் கட்டங்கள் கேட்கின்றன. பக்குவம் என்று நான் சொல்வது இதைத்தான்: ஆடுகிறவரைத் தன் செயலுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவராக மதிப்பது.

அடுத்து, எதிரணியின் பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். 'தி விட்சர் 3'. 2015-இல் போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் வெளியிட்டது. இரத்தமும் இருளும் இல்லாமல் இந்த கேம் உண்டா என்று கேட்டார்கள். இல்லைதான். ஆனால் அதில் எந்த இடம் ஆடியவர்கள் நெஞ்சில் தைத்தது என்று பார்ப்போம்.

வெலென் என்ற சதுப்பு நிலம். போரில் நாசமான ஊர்கள். அங்கே பிலிப் ஸ்ட்ரெங்கர் என்றொரு பிரபு. குடிகாரர். மனைவியும் மகளும் காணாமல் போய்விட்டார்கள், கண்டுபிடித்துத் தா என்று நம் நாயகன் கெரால்ட்டிடம் கேட்கிறார். நாம் தேடத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது: அவர்கள் காணாமல் போகவில்லை, இவருடைய அடி தாங்காமல் ஓடினார்கள். ஓடிய இரவில் நடந்த கைகலப்பில் மனைவியின் கரு கலைந்தது. பெயர்கூட வைக்கப்படாமல் புதைக்கப்பட்ட அந்தச் சிசு பேயாக எழுகிறது. போலந்து நாட்டார் நம்பிக்கையில் அப்படியொரு பேய் உண்டு; 'போரோனியெட்ஸ்' என்பார்கள்.

வாளை உருவி அதை வெட்டிவிடலாம், கேம் அனுமதிக்கிறது. இன்னொரு வழியும் இருக்கிறது. அந்த மனிதர் அதைத் தன் கைகளில் ஏந்தி, இரவில், தன் வீட்டு வாசல்வரை நடக்க வேண்டும். நாம் கூடவே நடக்க வேண்டும். வாசலில் குழி தோண்டி, தேயா என்று பெயரிட்டு, மகளே என்று ஏற்றுக்கொண்டு, வாசற்படிக்கு அடியில் அவரே புதைக்க வேண்டும். சற்று முன்புவரை நாம் வெறுத்த அந்த மனிதரின் குரல் தழுதழுக்கிறது. அவர் செய்தது சரி என்று கேம் சொல்லவில்லை. அவரை மன்னித்துவிடு என்றும் சொல்லவில்லை. பார் என்கிறது.

இதன் பிறகு வருவது இன்னும் கடினம். காட்டில் ஒரு மரத்தடியில் சிறைப்பட்டிருக்கும் ஓர் ஆவியை விடுவிப்பதா, அழிப்பதா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விடுவித்தால், சதுப்பில் சிக்கிய அநாதைக் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் பிரபுவின் மனைவி சாவார், பிரபுவும் தூக்கில் தொங்குவார். அழித்தால் மனைவி புத்தி பேதலித்துப்போய் உயிரோடு இருப்பார், ஆனால் குழந்தைகள் திரும்புவதில்லை. அந்த மரத்தடியில் நிற்கும்போது இதில் எதுவும் நமக்குத் தெரியாது. தெரியவரும்போது திரும்பிப் போக வழியில்லை. அந்த கேமில் வெட்டிய தலைகள் எத்தனையோ. ஒன்றும் என் நினைவில் இல்லை. அந்த வாசற்படி நினைவில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, இதே நிறுவனம் 2007-இல் வெளியிட்ட முதல் விட்சரையும் எண்ணிப் பாருங்கள். நாயகன் ஒரு பெண்ணோடு இரவைக் கழித்தால், அந்தப் பெண்ணின் படம் போட்ட அட்டை ஒன்று பரிசாகக் கிடைக்கும். அட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், தீப்பெட்டிப் படம் சேர்ப்பதைப் போல. பெரியவர்களுக்கான கேம் என்றுதான் அதையும் விற்றார்கள். எட்டே ஆண்டுகளில் அவர்கள் அந்த அட்டையிலிருந்து இந்த வாசற்படிக்கு வந்தார்கள். இடையில் கூடியது இரத்தமும் சதையுமா? மனிதரை மனிதராகப் பார்க்கும் கண் கூடியது. எதிரணி கொண்டுவந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது.

இரத்தம் மட்டும் தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009-இல் வந்த 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' போதும். சண்டை முடிந்த பிறகும் முகத்திலும் கவசத்திலும் இரத்தத் தெறிப்பு அப்படியே இருக்கும். அந்த முகத்தோடு ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவோம், காதல் சொல்வோம். என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்க ஆளில்லாத இரத்தம் வெறும் சாயம். ஆனால் அதே கேமில், நோயுற்ற தகப்பனைக் காப்பாற்ற ஒரு தீய சக்தியோடு உடன்படிக்கை செய்துகொண்ட சிறுவன் வருகிறான். ஊரே அவனால் அழிகிறது. அவனைக் கொல்வதா என்று நாம் தயங்கி நிற்கையில், அவனுக்குப் பதில் என் உயிரை எடுங்கள் என்று அவன் தாய் முன்னே வருகிறாள். அங்கேதான் நம் கை நடுங்குகிறது.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் வேறொன்று சொன்னார். உலகம் கெட்டது, எல்லோரும் சுயநலக்காரர்கள் என்று காட்டும் துணிச்சலே பக்குவம் என்றார். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். எல்லோரும் நல்லவர் என்பது ஏழு வயதின் நம்பிக்கை. எல்லோரும் கெட்டவர் என்பது பதினேழு வயதின் கோபம். கோபத்துக்குக் காரணம் இருக்கலாம். ஆனால் அதோடு நின்றுவிட்டால் யாருக்கும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. எல்லாம் இருட்டு என்றால் எந்தக் கதவைத் திறந்தால் என்ன?

'அண்டர்டேல்' என்று ஒரு கேம், 2015-இல் வந்தது. டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கியது. தொடக்கத்திலேயே டோரியல் என்ற தாய் உள்ளம் கொண்ட பிறவி நம்மைக் கைபிடித்து அழைத்துப் போய், பணியாரம் சுட்டுத் தராத குறையாக நமக்காக இனிப்பு சுட்டு வைக்கிறாள். வெளியே போனால் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று வழியை மறிக்கிறாள். நான் அவளோடு சண்டையிட்டேன். சற்று அடித்தால் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன், செத்துப்போனாள். பதறிப்போய், எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை அடிக்காமல் பொறுத்திருந்து அவளை உயிரோடு விட்டேன். மனம் லேசானது. அடுத்த வாயிலில் ஒரு பூ நிற்கிறது. நீ அவளைக் கொன்றாய், பிறகு வருந்தித் திரும்பிப் போனாய், எனக்குத் தெரியும் என்கிறது. நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தே விட்டேன். அழித்துவிட்டதாக நான் நினைத்ததை அந்த கேம் வைத்திருந்தது.

கடைசியாக ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். நேரமாகிறது என்று நடுவர் மணியின் மேல் கை வைத்துவிட்டார். இது நான் மிகவும் நேசிக்கும் கேம், 1992-இல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட் 5'. உருண்டைக் கண்கள், பொம்மை போன்ற அரக்கர்கள், சிறுவர்களும் ஆடிய கேம்.

நாயகன் சின்னஞ்சிறுவன், தந்தை பாபாஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். ஒரு நாள் எதிரி அந்தச் சிறுவனின் கழுத்தில் ஆயுதத்தை வைக்கிறான். பாபாஸ் மாபெரும் வீரர்; ஆனால் கையை ஓங்கவில்லை. சண்டைத் திரையில் அடி மேல் அடி விழுகிறது, அவர் தாங்கிக்கொண்டே இருக்கிறார். மகன் கண் முன்னால் சாகிறார். மகன் பத்து ஆண்டுகள் அடிமையாகக் கல் சுமக்கிறான். தப்பி, மணமுடித்து, இரட்டைக் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆகிறான். உடனே சாபத்தால் சிலையாகிப் போகிறான். ஒரு செல்வந்தர் அந்தச் சிலையை வாங்கித் தன் தோட்டத்தில், தன் கைக்குழந்தைக்குக் காவலாக நிறுத்துகிறார். பருவங்கள் மாறுகின்றன. பனி விழுகிறது, பூ பூக்கிறது. அந்த வீட்டுக் குழந்தை தவழ்கிறது, நடக்கிறது. நாம் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. நம் பிள்ளைகளும் இப்படித்தானே எங்கோ வளர்வார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கலாம். எட்டு ஆண்டுகள் கழித்து, முகம் தெரியாத இரண்டு பிள்ளைகள் வந்து அந்தச் சாபத்தை நீக்கி "அப்பா" என்கிறார்கள்.

வளர்ந்த அந்த மனிதனுக்கு, கதையின் பிற்பகுதியில், ஓர் ஓவியத்தின் வழியே பழைய ஊருக்குப் போகும் வாய்ப்பு வருகிறது. அங்கே தந்தை உயிரோடு இருக்கிறார். எச்சரிக்கலாம். எச்சரித்தாலும் பாபாஸ் போகத்தான் செய்வார். வெளியே ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டிருக்கிறான். அது அவனேதான். அருகில் சென்று, எந்தத் துன்பம் வந்தாலும் தளர்ந்துவிடாதே என்று சொல்கிறான்.

அந்தச் சொற்களை நாம் முன்பே கேட்டிருக்கிறோம், நடுவர் அவர்களே. பல மணி நேரத்துக்கு முன்பு, நாம் சிறுவனாக ஆடிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத வழிப்போக்கர் ஒருவர் வந்து இதையே சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருவர் என்று நினைத்து, நாம் பொத்தானை அழுத்திக் கடந்து போயிருந்தோம்.

வணக்கம்.