பந்தி விசாரிக்கப் போன பிள்ளைகள்

(ஒரே குருவானவரின் கீழ் இருக்கும் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்து வாலிபர் கூடுகையில் பேசியது. கேட்டவர்கள் எழுத்தில் வேண்டும் என்றதால் இங்கே தருகிறேன்.)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மேடையில் வீற்றிருக்கும் சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், அம்மா அவர்களுக்கும், கூப்பிட்டதும் வந்திருக்கும் ஊராட்சித் தலைவி அம்மா அவர்களுக்கும், எனக்கு எழுத்தறிவித்த தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும் (ஐயா, இந்த வெயிலில் நீங்கள் வந்ததே எங்களுக்கு ஆசீர்வாதம்), சேகரக் குழுப் பெரியவர்களுக்கும், பெண்கள் ஐக்கியச் சங்கத் தாய்மார்களுக்கும், பந்தல் போட்டு மைக் கட்டின தம்பிமாருக்கும் என் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று காரியம் பேச வந்திருக்கிறேன்: ஊழியம், வேத வாசிப்பு, வாலிபர் கையில் பொறுப்பு. முதலில் ஊழியம். எங்கள் ஆச்சி சொல்வாள், சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று. சரி, சட்டி எப்படி நிறையும்? பிரசங்கம் கேட்டு மட்டும் நிறைந்துவிடுமா? வேதத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது, பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கிறார்கள், அதில் முதல் பெயர் ஸ்தேவான். சோறு பரிமாற நின்ற அந்த மனிதர்தான் அடுத்த அதிகாரத்தில் கல்லெறிபட்டு ஜீவனைக் கொடுக்கிறார்.

நம் மண்ணிலும் உண்டு. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினபோது வெள்ளாளன்விளை அசரியாவுக்கு வயது 28. நம் ஜனங்கள் போட்ட காணிக்கையில், நம் ஜனங்களையே தெலுங்கு தேசத்துத் தோர்னக்கல்லுக்கு அனுப்பினார்கள். 1912இல் அவரே அங்கே பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். வாலிபப் பிள்ளைகள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது ஒரு சம்பவம். சில வருஷங்களுக்கு முன், நம் கோயில் பிரதிஷ்டை பண்டிகை அசனம், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. ராத்திரி ரெண்டு மணி, சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில் பத்து அடுப்பு எரிகிறது, ஒரு பக்கம் வெங்காயம் உரிக்கிறார்கள், ஒரு பக்கம் கறி வெட்டுகிறார்கள், திடீரென்று மழை! தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து விழுந்துவிட்டது. வாலிபர் சங்கப் பிள்ளைகள் ஓடிப்போய் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு பையன் கிறிஸ்துமஸுக்கும் வருஷப் பிறப்புக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிறவன், அன்றைக்கும் கூட்டாளிகளுக்காகத்தான் வந்திருந்தான். கை மரத்துப்போக விடியும் வரை நின்றான். சமைக்க வந்த தவசுப்பிள்ளை அண்ணன் அவனுக்குக் கட்டஞ்சாயா ஊற்றிக்கொடுத்தார். காலையில் ஜெபம் முடிந்து பந்தி தொடங்கியதும், நடக்க முடியாத ஒரு பாட்டிக்குச் சோறு கொண்டுபோகச் சொல்லி அவன் கையில் தூக்குவாளியைக் கொடுத்தோம். பாட்டி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “ஜெபம் பண்ணு மக்கா, சாப்பிடுதேன்” என்றிருக்கிறாள். அவனுக்குத் தெரிந்தது பரமண்டல ஜெபம் மட்டும். அதிலும் பாதியில் மறந்து நின்றுவிட்டான். விட்ட இடத்திலிருந்து பாட்டி சொன்னாள், அவன் பின்னாலேயே சொன்னான். திரும்பி வந்து ஆக்குப்புரைக்குப் பின்னால் நின்று அழுதான், நான் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை யாரும் சொல்லாமலே அந்த வீட்டுக்குப் போனான். அப்புறம் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு போனான், குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், ஓடு மாற்றினார்கள், சங்கீதம் வாசித்துக் காட்டினார்கள். பாட்டி மரித்தபோது பெட்டியைத் தூக்கினதும் அந்தப் பிள்ளைகள்தான்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்கோ அகப்பையைப் பிடித்த பிறகுதான் சட்டி நிறைந்தது.

இதற்காகத்தான் ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தனியாகக் கிடக்கும் முதியோர் வீடுகளை நம் சேகரத்தில் நடந்தே எண்ணினேன், 14 வீடு. வருஷத்துக்கு ஒரு நாள் அசனச் சோறு கொண்டுபோனால் போதுமா? மாதத்தின் முதல் சனிக்கிழமையை வாலிபர் சங்கத்துக்கு எழுதிக் கொடுங்கள். நாலு பேராகப் போகட்டும், பெண் பிள்ளைகளும் போகட்டும், மாத்திரை வாங்கிக் கொடுக்கட்டும், அவர்கள் முன்னால் உட்கார்ந்து வேதம் வாசிக்கட்டும். வேத வாசிப்பு என்றேனே, அது அங்கே தானாக நடக்கும். பொறுப்பு என்று சொன்னதும் இதுதான்: கணக்கு நோட்டும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். சேகரக் குழுப் பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன், இதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ள வேண்டாம். குருவானவர் ஐயா தலையசைக்கிறார்கள், நன்றி ஐயா.

கோயில் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் 14 வீட்டு விவரமும் இருக்கிறது. பேர் எழுதுகிறவர்கள் சாப்பிடப் போகும் முன்னே எழுதிவிடுங்கள். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன்.