உடம்பு இளைத்தால் கொழுப்பு எங்கே போகிறது?

வணக்கம். இந்த வாரம் திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். "ஐயா, உணவைக் குறைத்து, தினமும் நடந்து, ஏழு கிலோ குறைத்திருக்கிறேன். ஜிம்மில் கேட்டால் கொழுப்பு வியர்வையாக வெளியேறியது என்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர், எரிந்து சூடாகப் போய்விட்டது என்கிறார். உண்மையில் அந்த ஏழு கிலோ எங்கே போனது? வியர்வை பெல்ட் கட்டினால் இன்னும் சீக்கிரம் குறையுமா?"

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். எப்படி இளைப்பது என்று கேட்டு நிறைய பேர் எழுதுகிறார்கள். இளைத்தது எங்கே போனது என்று கேட்டவர் இவர்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா. பெரும்பகுதி உங்கள் மூச்சில் போனது.

நம்பக் கஷ்டமாக இருக்கும். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது நினைவிருக்கும்: எடை என்றால் அணுக்களின் எடை. உடம்புக்குள் அணு அழியாது. உள்ளே இருந்தது குறைந்திருக்கிறது என்றால், ஏதோ ஒரு வழியாக அது வெளியே போயே ஆகவேண்டும். வீட்டுக்காரர் சொல்கிற சூடு உண்மைதான், ஆனால் சூட்டைத் தராசில் நிறுக்க முடியாது. கொழுப்பின் அணுக்கள் பிரிந்து ஆக்சிஜனோடு சேரும்போது கிடைக்கும் ஆற்றல்தான் அந்தச் சூடு. அணுக்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. அவை எங்கே என்பதுதான் கேள்வி.

கொழுப்பில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன். இவ்வளவுதான். நாம் இழுக்கிற ஆக்சிஜன் இதோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் உண்டாகும். 2014 இல் ஆஸ்திரேலியாவில் ரூபன் மீர்மேன், ஆண்ட்ரூ பிரவுன் என்ற இருவர் இந்தக் கணக்கை முழுதாகப் போட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியாகப் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. மருத்துவர்கள், உணவியலாளர்கள், பயிற்சியாளர்களிடமும் அவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானோர் சொன்ன பதில், சகோதரியின் கணவர் சொன்ன அதே பதில்தான்.

ஆகவே உங்கள் ஏழு கிலோவும் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட ஆறு கிலோ மூச்சில் போயிருக்கிறது. மீதி ஒரு கிலோ சொச்சம் தண்ணீர். அந்தத் தண்ணீர் சிறுநீரில் போயிருக்கலாம், வியர்வையில் போயிருக்கலாம்.

வியர்வையே கொழுப்பு இல்லையா என்றால், இல்லை. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும். பெல்ட் கட்டினால் அந்த இடம் வேகும், தண்ணீர் இறங்கும், இரண்டு சொம்பு நீர் குடித்தால் எடை திரும்பிவிடும். வாங்க வேண்டாம். உணவுக்கட்டுப்பாடு தொடங்கிய முதல் வாரத்தில் தராசு மளமளவென்று இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். கல்லீரல் பற்றிய பேச்சில் கிளைக்கோஜன் சொன்னேனே, கல்லீரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைக்கிற சர்க்கரை, அந்தச் சேமிப்பு ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவாகும்போது தண்ணீரும் கூடவே போகும்.

இந்தக் கேள்விக்கு நானூறு வருஷ வயது. இத்தாலியில் சாண்டோரியோ என்று ஒரு மருத்துவர். தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டதையும் நிறுத்தார், கழித்ததையும் நிறுத்தார், தன்னையும் நிறுத்தார். முப்பது வருஷம்! எட்டு பவுண்டு உள்ளே போனால் மலமும் சிறுநீருமாக வருவது மூன்று பவுண்டுதான். மீதி ஐந்து கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகிறது என்று 1614 இல் எழுதினார். ஆக்சிஜன் என்ற பெயரே இல்லாத காலம் அது. இத்தனை பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அப்புறம் 1780களில் பிரான்சில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டியில் வைத்து, எவ்வளவு பனி உருகியது, எவ்வளவு வாயுவை அது வெளிவிட்டது என்று அளந்தார்கள். கரி எரிவதும் பிராணி மூச்சு விடுவதும் ஒரே வேலை, இது மெதுவாக நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இங்கே நீங்கள் அடுத்துக் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அப்படியானால் உட்கார்ந்த இடத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் இளைக்குமா? இளைக்காது. தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். ரத்தத்தில் ஏற்கெனவே கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், அவ்வளவுதான். புதிதாக அது உண்டாகவேண்டுமானால் செல்லுக்குள் எரிபொருள் எரியவேண்டும், அதற்குத் தசை வேலை செய்யவேண்டும். நடந்தால் உடம்பு தானாகவே கூடுதலாக மூச்சு விடும். பிறகு சாப்பாட்டில் அதே கார்பனைத் திரும்ப ஏற்றாமல் இருக்கவேண்டும்.

ஏகாதசிக்கு முழுப்பட்டினி இருப்பவர்கள் பேசும்போது ஒரு வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? அதில் அசிட்டோனும் இருக்கும், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் இருக்கிற அதே பொருள். கொழுப்பு உடைந்து உண்டாகிறது. சர்க்கரை நோயாளியிடம், முக்கியமாக இன்சுலின் போடுகிறவரிடம், அந்த வாடையும் வாந்தியும் சோர்வும் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சரி, என்னிடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்குகிற கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கார்பன் நமக்குள் வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது? சோற்றில். சோற்றுக்கு எப்படி வந்தது? மண்ணிலிருந்து என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். வான் ஹெல்மோன்ட் என்பவர் 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு ஐந்து வருஷம் தண்ணீர் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணில் குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ். அதே கணக்குதான் பாருங்கள், எடை எங்கிருந்தோ வந்தே ஆகவேண்டும். எல்லாம் தண்ணீர் என்று அவர் முடிவு கட்டினார். பாதி சரி. மரத்தின் கார்பன் முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. நெல்லும் அப்படித்தான். விவசாயி போடுகிற யூரியா தருவது நைட்ரஜன். அரிசியின் உலர்ந்த எடையில் சுமார் நாற்பது சதவீதம் கார்பன், அதை நெற்பயிர் இலை வழியாகக் காற்றிலிருந்து எடுக்கிறது. நாம் சாப்பிட்டு, மூச்சாக விட்டு, அதே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதியிருப்பீர்கள், பால்போல மாறும். அந்த வெள்ளையில் இருக்கிற கார்பன் காலையில் தின்ற இட்லி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் செய்துகாட்டுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு வைத்து, மேலே நிற்கிற தெளிந்த நீரை மட்டும் இரண்டு டம்ளரில் எடுங்கள். கண்ணில் படக்கூடாது. ஸ்ட்ராவில் ஊதவேண்டும், உறிஞ்சக்கூடாது, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கவேண்டும். சும்மா இருக்கும்போது ஒரு டம்ளரில் ஊதச் சொல்லுங்கள். மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கியதும் அடுத்ததில் ஊதச் சொல்லுங்கள். எது சீக்கிரம் வெளுக்கிறது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.