அயல் மண்டலங்களின் தூசியும் நட்சத்திரப் பிறப்பும்

நேயர்களுக்கு வணக்கம். தை, மாசி மாதங்களில், மழைமுகில் விலகிய நிலவற்ற இரவொன்றில், இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே நோக்கினால், அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே சற்று மேற்காக, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 11 பாகை உயரத்தில் மங்கிய வெண்திட்டொன்று புலப்படக்கூடும். அதுவே பெரிய மகெல்லன் முகில். பெயரில் முகில் என்றிருந்தாலும், அது சுமார் 160,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள, நமது பால்வீதிக்கு அயலான ஒரு நட்சத்திர மண்டலம்.

அங்கே புதிய நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாகப் பிறக்கின்றன என்று கணிக்க விரும்புவோர், முதலில் அங்குள்ள தூசியை அறிந்தாக வேண்டும். சிலிக்கேற்றாலும் காபனாலும் ஆன இத்துணிக்கைகள் பெரும்பாலும் ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. நம் செம்மண் வீதிகளில் எழும் புழுதியைவிட அடுப்புப் புகையையே அதிகம் ஒத்தவை. பால்வீதியில் வாயுத் திணிவின் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே தூசி. ஆயினும், இளம் நட்சத்திரங்கள் உமிழும் கழியூதா ஒளியை அது உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிராகத் திருப்பி வெளியிடுகிறது. ஐதரசன் அணுக்கள் இரண்டு கூடி மூலக்கூறாவதும் பெரும்பாலும் இத்துணிக்கைகளின் மேற்பரப்பிலேதான். நட்சத்திரங்கள் உருவாவதோ அந்த மூலக்கூற்று வாயு குளிர்ந்து ஒடுங்கும் இடங்களில். ஆகவே, தூசியைப் பார்வைக்குத் தடையாக மட்டும் கருதுவது அதற்கு நாம் இழைக்கும் அநீதி என்றே எண்ணுகிறேன்.

எல்லா மண்டலங்களிலும் தூசி ஒரே அளவில் இல்லை. தூசிக்கு மூலப்பொருளாகும் பாரமான மூலகங்கள் (ஐதரசன், ஹீலியம் தவிர்ந்தவை) சூரியனிலுள்ளதன் ஐந்திலொரு பங்களவே கொண்ட, மற்றோர் அயல் மண்டலமான சிறிய மகெல்லன் முகிலில் தூசி மிகக் குறைவு. வளைய வடிவக் காபன் மூலக்கூறுகளும் அங்கு அரிது. அதனால் கழியூதா ஒளியின் பெரும்பகுதி தடையின்றி வெளியேறிவிடுகிறது. அத்தகைய மண்டலத்தில் செங்கீழ்க் கதிரை மட்டும் அளப்பவருக்குப் பிறப்பு வீதம் உள்ளதிலும் குறைவாகவே தென்படும். தூசி செறிந்த மண்டலத்தில் கழியூதாவை மட்டும் அளப்பவருக்கும் அதே நிலைதான். இரண்டையும் கூட்டிக் கணிப்பதே முறை.

இத்தூசி எங்கிருந்து வருகிறது? 1987 இல் பெரிய மகெல்லன் முகிலில் நட்சத்திரமொன்று வெடித்தது. அதன் எச்சத்தில் சூரியத் திணிவின் ஏறத்தாழ அரைப்பங்கு குளிர்ந்த தூசி இருப்பதை ஹேர்ஷல் விண்வெளித் தொலைகாட்டியின் அவதானங்கள் காட்டின. அம்முடிவு 2011 இல் வெளியானது. வெடிப்பின் அதிர்வலை உள்நோக்கித் திரும்பி அத்துணிக்கைகளைத் தாக்கும்போது அவற்றில் எவ்வளவு தப்பிப் பிழைக்கும் என்பதே ஆய்வாளர் இன்று விடை தேடும் கேள்வி.