ஒரு மேட்சுக்கு 16 கோடி! அமேசான் காட்டு ஸ்டேடியத்தின் கதை

நான்கே நான்கு மேட்ச். அதற்காக அமேசான் காட்டுக்கு நடுவே 40,000 பேர் உட்காரும் ஸ்டேடியம். செலவு, பிரேசில் பணத்தில் 66 கோடி ரியலுக்கும் மேல். வகுத்துப் பாருங்கள், மேட்ச் ஒன்றுக்கு 16 கோடி!

வணக்கம் நண்பர்களே. 2014 கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு பிரேசிலுக்கு 2007-இல் கிடைத்தது. எட்டு மைதானம் இருந்தாலே போதும், ஆனால் 12 வேண்டும் என்று பிரேசில் அடம்பிடித்தது. தனியார் காசில் கட்டுவோம் என்றார்கள், கடைசியில் பெரும்பங்கு மக்கள் தலையில் விழுந்தது. பின்னணி அவ்வளவுதான். வாங்க, அந்தக் காட்டு ஸ்டேடியம் இருக்கும் மனௌஸ் போகலாம்.

நீக்ரோ ஆற்றங்கரை ஊர். ஸ்டேடியக் கூரைக்கான இரும்பை எங்கே செய்தார்கள் தெரியுமா? போர்ச்சுகலில்! கப்பலில் ஏற்றி, அட்லாண்டிக்கைத் தாண்டி, அமேசான் ஆற்றுக்குள் புகுந்து கொண்டுவந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது, 1896-இல் இதே ஊரில் திறந்த ஓபரா அரங்கம். ரப்பர் பணம் கொட்டிய காலம். அதற்கும் இரும்பும் பளிங்கும் ஐரோப்பாவிலிருந்து இதே ஆற்று வழியாகத்தான் வந்தன. ரப்பர் வியாபாரம் படுத்ததும் அரங்கம் பல வருடம் பூட்டிக் கிடந்தது. 118 வருடம் கழித்து அதே ஊர், அதே ஆறு, மறுபடியும் கப்பலில் இரும்பு!

சரி, தாமதத்துக்கு வருவோம். 2013 டிசம்பருக்குள் முடித்திருக்க வேண்டும், முடியவில்லை. ராத்திரி பகலாக வேலை. டிசம்பர் 14, விடியற்காலை 4 மணி. 22 வயதுப் பையன் ஒருவர் சுமார் 35 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். அந்த ஒரு மைதானத்தில் மட்டும் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதரை அவ்வளவு உயரத்தில் நிறுத்தியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இதற்கு முன்பே, 2013 ஜூனில் பஸ் கட்டணம் 20 சென்டாவோ (நம்ம ஊர் பைசா மாதிரி) ஏறியதும் தெருவில் இறங்கிய மக்கள், ஃபிஃபா (உலகக் கால்பந்து அமைப்பு) தரத்தில் எங்களுக்கு ஆஸ்பத்திரி எங்கே என்று அட்டை பிடித்தது, மைதானங்களுக்கு இப்படி மக்கள் பணத்தைக் கொட்டியதால்தான்.

போட்டி முடிந்த அப்புறம்? மனௌஸில் முதல் டிவிஷன் அணியே கிடையாது. இன்னும் அதிகமாகச் செலவழித்துத் தலைநகர் பிரேசிலியாவில் கட்டிய ஸ்டேடியத்தில் மறுவருடமே பஸ்களை நிறுத்திவைத்தார்கள்.

உங்கள் ஊரிலும் ஒரு போட்டிக்காகக் கட்டி, இப்போது புல் முளைத்துக் கிடக்கும் மைதானம் இருக்கிறதா? கமெண்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள், அடுத்த வீடியோவுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.