18 ஆண்டுத் தலைமறைவு, 11 நாளில் முடிந்தது எப்படி?

வணக்கம். 1971 நவம்பரில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட்ஃபீல்ட் நகரில், ஜான் லிஸ்ட் என்னும் கணக்காளர் தன் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் ஆகிய ஐவரையும் ஒரே நாளில் சுட்டுக் கொன்றார். பிறகு வீட்டிலிருந்த குடும்பப் புகைப்படங்களை எடுத்து, அவற்றில் தன் முகம் இருந்த பகுதிகளை மட்டும் அகற்றிவிட்டு வெளியேறினார். உடல்கள் கண்டெடுக்கப்படவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அதன் பின் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அவரைப் பற்றித் தகவலே இல்லை. அவரைப் பிடித்துக் கொடுத்தது, தேடப்படும் குற்றவாளிகளைப் பற்றி மக்களிடம் தகவல் கேட்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் அன்றைய மேற்கு ஜெர்மனியில் எடுவார்ட் சிம்மர்மன் தொடங்கிய 'ஆக்டென்சைஷன் எக்ஸ்ஒய்' இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடி. 1984இல் பிபிசியின் 'கிரைம்வாட்ச்', 1988இல் 'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்', 1998இல் ஜீ டிவியின் 'இந்தியாஸ் மோஸ்ட் வான்டட்' என்று அது நாடு நாடாகப் பரவியது.

இப்போது லிஸ்டின் முகத்துக்கு வருவோம். இந்தக் காணொளியை நான் எடுத்ததே அதற்காகத்தான்.

[திரையில்: மார்பளவுக் களிமண் சிலை]

'அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்' தொகுப்பாளர் ஜான் வால்ஷ், 1981இல் தன் ஆறு வயது மகனைக் கடத்தல்காரனிடம் பறிகொடுத்த தந்தை. லிஸ்ட் வழக்கை அவர் கையிலெடுத்தபோது இருந்தவை பழைய படங்கள் மட்டுமே. தேடப்படுபவரோ அதற்குள் 63 வயதை எட்டியிருந்தார். எனவே ஃபிராங்க் பெண்டர் என்ற சிற்பி, அந்த முகம் எப்படி மூப்படைந்திருக்கும் என்று கணித்துச் சிலை வடித்தார். முன்நெற்றி ஏறியிருக்கும், தாடைச் சதை தொங்கியிருக்கும் என்பன எவரும் ஊகிக்கக்கூடியவை. என்னை வியக்க வைப்பது மூக்குக்கண்ணாடி. இப்படிப்பட்ட மனிதர், தன்னை மதிப்புமிக்கவராகக் காட்டிக்கொள்ளத் தடித்த சட்டமுள்ள கண்ணாடியைத்தான் அணிந்திருப்பார் என்று முடிவு செய்து, அப்படியொரு பழைய கண்ணாடியைச் சிலைக்கு மாட்டினார் பெண்டர். 1989 மே 21 அன்று சிலை ஒளிபரப்பானது. ஜூன் 1 அன்று, வர்ஜீனியா மாநிலத்தில் ராபர்ட் கிளார்க் என்ற பெயரில், மறுமணம் செய்துகொண்டு, அதே கணக்காளர் தொழிலைப் பார்த்துவந்த லிஸ்ட் கைதானார். அவர் அணிந்திருந்த கண்ணாடியும் ஏறத்தாழ அதே வகைதான்! தான் லிஸ்ட் இல்லை என்று அவர் மாதக்கணக்கில் மறுத்தும், கைரேகை அவரைக் காட்டிக்கொடுத்தது.

துப்புக் கொடுத்தவர், லிஸ்ட் முன்பு டென்வரில் வசித்தபோது அண்டை வீட்டில் இருந்தவர். அவர் எந்தத் தடயத்தையும் ஆராயவில்லை, யாரையும் பின்தொடரவுமில்லை. திரையில் கண்ட முகம் தனக்குத் தெரிந்த முகம் என்பதை உணர்ந்து தகவல் சொன்னார், அவ்வளவுதான். இந்நிகழ்ச்சிகள் நம்மைத் துப்பறியச் சொல்வதாகப் பலரும் நினைக்கிறோம். அவை உண்மையில் கேட்பது அடையாளம் மட்டுமே. குற்றம் நடந்த நாளை நடிகர்களைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டும்போது நேரம், தெரு, சட்டையின் நிறம் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், தான் பார்த்தது முக்கியமானது என்றே அறியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நினைவைத் தட்டியெழுப்புவதற்காகத்தான். அதே சமயம், காவல்துறை சில விவரங்களை வேண்டுமென்றே வெளியிடாமல் வைத்துக்கொள்வதுண்டு; அழைப்பவர் உண்மையிலேயே அறிந்து பேசுகிறாரா என்பதைச் சோதிக்க அவை தேவைப்படும்.

அடையாளம் காட்ட ஒன்றுமில்லாதபோது இந்த முறை தடுமாறுகிறது. 1999 ஏப்ரலில், 'கிரைம்வாட்ச்' தொகுப்பாளர் ஜில் டாண்டோ லண்டனில் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதை நேரில் கண்டவர் யாருமில்லை. அவர் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சியே அவருக்காக மக்களிடம் உதவி கேட்டது. 2001இல் தண்டிக்கப்பட்ட ஒருவரும் 2008இல் மறுவிசாரணையில் விடுதலையானார். வழக்கு இன்றும் தீரவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2013இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் படங்களை அலசியவர்கள், சம்பவத்தோடு தொடர்பே இல்லாத, அப்போது காணாமற்போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். மகனைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் அந்தப் பழியையும் சுமந்தது. ஆகவே, இத்தகைய நிகழ்ச்சியில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதாகத் தோன்றினால், அந்தப் பெயரைக் கருத்துப் பெட்டியில் எழுதாதீர்கள். திரையில் காட்டப்படும் எண்ணுக்கு அழைத்து, விசாரிப்பவர்களிடம் மட்டும் சொல்லுங்கள்.